சங்கப் பலகையில் குடைக்காரி

பட விமர்சனம் எழுதியவர்களில் எங்கள் ஊர் போர்டு தோழருக்கு இணையான ஒருவரை இந்த நாடு இதுவரை பெற்றதில்லை. இனிமேல் பெறப்போவதும் இல்லை. மற்றவர்கள் பத்திரிகையில் எழுதினார்கள், மார்க் போட்டார்கள், மறுநாள் டீக்கடையில் அந்தத் தாளில் பஜ்ஜி மடித்துக் கொடுத்தார்கள். இவர் சாக்பீஸால் எழுதினார். இவர் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு இன்ஸ்பெக்டரும் ஒரு வேன் நிறைய போலீஸும் விடியற்காலையில் பாலத்தில் போய் நின்றார்கள். இத்தனைக்கும் வாழ்நாளில் அவர் விமர்சனம் எழுதியது ஒரே ஒரு படத்துக்கு. அதுவும் குழந்தைகள் பார்க்கிற ஜப்பான் பொம்மைப் படம்.

எங்கள் ஊர் வலங்கைமானிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம். நான் அப்போது அங்கே கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தேன். அத்தாவின் மளிகைக் கடை மாடியில் டிஷ்ஷை நட்டு, தென்னை மரத்துக்குத் தென்னை மரம் ஒயர் இழுத்து, காக்கை உட்கார்ந்தால் படம் ஆடுகிற தரத்தில் ஒரு சேவை. ஊரில் என் பெயர் கேபிள் பாய். கடைக்கு நேர் எதிரே விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் ஓட்டுக் கட்டடம். அதன் வாசலில், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பார்வையில் படும்படி, இரண்டு கால்களில் நிற்கும் ஒரு கரும்பலகை.

தஞ்சாவூர்ப் பக்கம் இந்தக் கரும்பலகை இல்லாத சங்கம் கிடையாது. கூலி உடன்பாடு, தண்ணீர் திறப்பு, கண்டனக் கூட்டம், இரங்கல் எல்லாம் அதில்தான் வரும். எங்கள் பலகையை மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து எழுதிவந்தவர் போர்டு தோழர். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்தது. அதைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சங்கக் கட்டடத்திலேயே பாய் விரித்துப் படுப்பார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் சிரித்தால் பலகையில் அறிவிப்பு வரும் என்று டீக்கடையில் சொல்வோம்.

அந்த வருஷம் ஊரில் நிலத் தகராறு. வெட்டாற்றுக்கு அக்கரையில் இருந்த வயல்கள் ஒரு சத்திரத்து டிரஸ்டுக்குச் சொந்தம். சங்கத் தெருக் குடும்பங்கள்தான் தலைமுறை தலைமுறையாக அதில் பாடுபட்டன. முதலில் பண்ணையாளாக இருந்து, சங்கம் வைத்து, அடிபட்டு, குத்தகைக்காரர்கள் ஆனவர்கள். குத்தகை பதிவாகியிருக்கிறதா என்று கேட்டால், ஒவ்வொரு ஆட்சியிலும் செய்துதருவதாகச் சொன்னார்கள் என்று பதில் வரும். டிரஸ்டுக்குப் புதிதாக வந்த காரியஸ்தர், பதிவு இல்லாதவர்களுக்கு வயலில் என்ன வேலை என்று கோர்ட்டுக்குப் போய்விட்டார். அதற்குள் சம்பா நட்டாகிவிட்டது. தையில் அதை அறுக்கப்போவது யார் என்பதுதான் கேள்வி. நட்டவர்கள் அறுத்தால் வருஷம் முழுக்கச் சோறு. டிரஸ்ட் அறுத்தால் சோறும் போய், நிலம் கைமாறிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும்.

தஞ்சாவூரிலிருந்து சங்கத்து வக்கீல் வந்தார். முதல் வேலையாகப் பலகையின் முன்னால் போய் நின்றார்.

"தோழர், கேஸ் முடியற வரைக்கும் இதுல நிலத்தப் பத்தி ஒரு எழுத்து எழுதக் கூடாது. போட்டோ எடுத்து ஜட்ஜுகிட்ட நீட்டுவாங்க."

"சரிங்க. கூலி பத்தி எழுதலாமில்ல?"

"கூலி எந்த வேலைக்கு?"

"வயல் வேலைக்கு."

"அப்ப வேணாம்."

"தண்ணி பத்தி?"

"தண்ணி எங்க பாயுது?"

தோழர் யோசித்துப் பார்த்தார். எங்கள் ஊரில் எது எங்கே பாய்ந்தாலும் கடைசியில் நிலத்தில்தான் போய் நிற்கிறது. சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பலகை காலியாக நின்றது. அப்படி அதை நாங்கள் பார்த்ததே இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய வெளியூர்க்காரர் ஒருவர், "என்னங்க, சங்கத்த மூடியாச்சா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். தோழர் அன்று மதியம் சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்தின் இலவச கலர் டிவி ஊருக்கு வந்தது. அது ஓட்டுக்குக் கொடுக்கும் லஞ்சம் என்று முன்பே பலகையில் எழுதியவர் தோழர். டோக்கன் கொடுத்த அன்று வரிசையில் முதல் ஆளாக நின்றவரும் அவர்தான். கேட்டதற்கு, "மக்கள் வரிப்பணம். திருப்பி வாங்கறோம்" என்றார். டிவியைச் சங்கத்து பெஞ்சில் வைத்தார். நான் காசு வாங்காமல் இணைப்புக் கொடுத்தேன். உழைக்கும் வர்க்கத்துக்கு நான் செய்த தியாகம் அது ஒன்றுதான். சாயங்காலம் பட்டனைத் தட்டியதும் வந்து நின்றது அந்த ஜப்பான் படம். பழைய படம், தினம் அரை மணி நேரம் ஓடும் தொடர், தமிழில் பேச வைத்திருந்தார்கள்.

கதை இதுதான். கடலோர ஊரில் ஒரு பள்ளிக்கூடப் பெண். ஒரு நாரை அவளுக்கு ஒரு குடை கொடுக்கிறது. குடையை விரித்தால் பூ கொட்டும், யூனிஃபார்ம் மறைந்து ஜிகினா வைத்த கவுன் வரும், கையில் சக்தி வரும். மேகத்துக்கு மேலே ஒரு கோபுரத்தில் ஒரு பிரபு இருக்கிறான். ஊர்க்காரர்களின் நிழலைப் பிடுங்கிவர அவன் தினம் ஒரு பூதத்தை அனுப்புவான். இவள் தினம் அதை அடித்து விரட்டுவாள். பார்த்து முடித்த கையோடு தோழர் எழுந்து வெளியே போனார். மறுநாள் காலை பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் மொத்தமும் வாய்விட்டுப் படித்தது:

"நேற்று மாலை தொலைக்காட்சியில் ஜப்பான் படம் பார்க்கப்பட்டது. பெண்ணுக்குக் குடை இலவசமாக வழங்கப்பட்டுள்ளது. கொடுத்த நாரை பின்னால் என்ன கேட்கும் என்பது சொல்லப்படவில்லை. மக்கள் விழிப்புடன் இருக்க வேண்டும். படம் பரவாயில்லை."

ஊர் சிரித்தது. தோழர் சிரிக்கவில்லை. அடுத்த நாளும் எழுதினார்.

"பெண் உடை மாறி முடிக்கும் வரை பூதம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. நமது அனுபவத்தில் எந்த எதிரியும் இப்படி நின்றதில்லை. படம் எடுத்தவர்கள் எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ளவில்லை என்று தெரிகிறது."

இன்னொரு நாள்: "ஊரில் இவ்வளவு பேர் இருக்க, ஒரு சிறு பெண்ணை மட்டும் சண்டைக்கு அனுப்பிவிட்டு மற்றவர்கள் தூங்குகிறார்கள். கண்டிக்கிறோம்." இது நடந்து ஒரு வாரத்துக்குள் படத்தில் இரண்டாவதாக ஒரு பெண் சேர்ந்தாள். தன் கண்டனம் ஜப்பான் வரை போய்விட்டது என்று தோழர் நினைத்தாரோ என்னவோ, அன்றைய எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தது. "அமைப்பு உருவாகிறது. வரவேற்கிறோம்."

நாரையை அவர் விடாமல் சந்தேகப்பட்டார். ஒரு நாள் அது குடைக்காரிக்காகச் சிறகை ஒடித்துக்கொண்டது. "நாரையைப் பற்றி இப்பலகையில் தெரிவித்த கருத்துகள் திரும்பப் பெறப்படுகின்றன. வருந்துகிறோம். கண் கலங்கியது. தூசி காரணமல்ல."

மின்வெட்டுக் காலம் வேறு. எந்த ஆட்சி வந்தாலும் சாயங்காலம் சரியாகக் குடையை விரிக்கிற நேரத்தில் கரண்ட் போகும். "பாதியில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. அவள் தப்பித்தாளா என்பது தெரியவில்லை. மின்சார வாரியத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்." இதைப் படித்துவிட்டு நடவு கோஷ்டித் தலைவி அஞ்சலை, தன் பெண்களோடு நேரே மின்சார ஆபீஸுக்குப் போய், குடைக்காரி தப்பித்தாளா இல்லையா என்று கேட்டாள். அங்கிருந்த உதவிப் பொறியாளர் ரொம்ப நேரம் அவள் ஏதோ விபத்தைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்துப் பதறிக்கொண்டிருந்தார்.

அஞ்சலைக்கு வெயிலானாலும் மழையானாலும் கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். படம் வந்தபின் ஊரே அவளைக் குடைக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தது. அவளுக்கு அதில் பெருமைதான். ஆனால் விமர்சனத்தில் அவளுக்குத் திருப்தி இல்லை.

"ஏந்தோழர், இம்புட்டு சண்ட போட்டும் அவ தல கலையலியே. அத எழுத மாட்டேங்கறீங்க."

"அது முக்கியமில்லம்மா."

"ஒங்களுக்கு முக்கியமில்ல. தெனம் சீவறவளுக்குல்ல தெரியும்."

மறுநாள் பலகையில், "பெண்ணின் தலைமுடி கலைவதில்லை என்று பெண் தோழர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். நியாயமான கேள்வி" என்று வந்தது. அதிலிருந்து தெருப் பெண்கள் எல்லோரும் சாயங்காலம் சங்கத்துக்கு வர ஆரம்பித்தார்கள். கோஷ்டிச் சண்டையில் யாரும் கூட்டத்துக்கே வராமல் இருந்த சங்கத்தில் உட்கார இடமில்லை. பயிர் கதிர் விட்டு, பால் பிடித்து, பழுக்க ஆரம்பித்தது. அக்கரையைப் பார்க்கிற போதெல்லாம் அறுக்கப்போவது யார் என்ற கவலைதான். படம் ஓடுகிற அந்த அரை மணி நேரம் மட்டும் யாரும் வயலை நினைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு நாள் பூதம் ஒன்று செத்துப்போனது. அதுவரை எல்லாம் ஓடித்தான் போயின, செத்தது இதுதான் முதல். பிள்ளைகள் கைதட்டினார்கள். தோழர் பலகையில் எழுதியது: "அனுப்பியவன் மேலே பத்திரமாக இருக்கிறான். செத்தது கூலிக்கு வந்தது. இதற்குக் கைதட்ட முடியாது." எனக்கு இது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. டீக்கடையில் அவரைப் பிடித்தேன்.

"தோழர், அது பூதம். செத்தா சந்தோஷப்படணும். பொம்மைப் படம் அதுக்குத்தான எடுக்கறாங்க?"

"பூதத்துக்கு அந்தப் பொண்ணுமேல என்ன பக தம்பி? போடான்னு ஒருத்தன் சொன்னான், வந்துச்சு."

டீயை இரண்டு வாய் குடித்தார். பிறகு அவராகவே சொன்னார். அவருடைய சின்ன வயதில் இதே போல ஓர் அறுவடைத் தகராறு. பண்ணை தரப்பில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். கைகலப்பு ஆனது.

"எங்க ஆளு ஒருத்தன் கம்ப வீசிட்டான். பட்டவனுக்கு என் வயசுதான் இருக்கும். கை ஒடிஞ்சு வரப்புல உக்காந்திருந்தான். என்னைப் பாத்து, 'எங்கூருல மழ இல்லண்ணே, அதான் வந்தோம்'னான். மறுநாள் நான் போர்டுல வெற்றின்னு எழுதினேன். எழுத எழுத கோணிக்கிட்டே போச்சு. அழிச்சு அழிச்சு எழுதினேன், நேரா வரவே இல்ல."

அதற்குமேல் நான் பொம்மைப் படத்தைப் பற்றி அவரிடம் கேலி பேசவில்லை.

இதற்கிடையில் காரியஸ்தர் இருக்கிறாரே, அவர் பலகையைத் தினமும் செல்போனில் போட்டோ எடுக்க ஆள் போட்டிருந்தார். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராதா என்று பார்த்தவருக்கு, வராதது சந்தேகத்தைக் கிளப்பியது. சங்கத்துக்காரன் பொம்மைப் படம் பற்றி எழுதுவானா? மேகத்துக்கு மேலே கோபுரத்தில் இருக்கும் பிரபு என்றால் மெட்ராஸில் மாடியில் இருக்கும் டிரஸ்ட் தலைவர்தானே? நிழலைப் பிடுங்குவது என்றால் நிலத்தைப் பிடுங்குவதுதானே? குடைக்காரி யாரென்று ஊருக்கே தெரியும், அவள்தான் குடையும் கையுமாக அலைகிறாளே. அந்தப் படம் அவர் வீட்டிலும்தான் ஓடியது. இணைப்புக் கொடுத்தவன் நான், மாதாமாதம் சந்தா வாங்கியவனும் நான். அவருடைய மகள் தினமும் பார்த்தாள். ஆனால் வீட்டில் குழந்தைகள் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

இன்ஸ்பெக்டர் தோழரைக் கூப்பிட்டு அனுப்பினார். சாட்சிக்கு என்னையும் அழைத்துப்போனார் தோழர்.

"குடைக்காரி யாருய்யா?"

"ஜப்பான் பொண்ணுங்க."

"எந்த ஊரு?"

"ஊரு பேரு சொல்லலீங்க. கடலோரம்."

"கடலோரம்னா? பூம்புகார் பக்கமா?"

"ஜப்பான்லீங்க சார்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா கேபிள், அப்படி ஒரு படம் வருதா?"

"வருதுங்க சார். சாயங்காலம். உங்க குவார்ட்டர்ஸ்லகூட..."

"நான் பாக்கறதில்ல" என்று அவசரமாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த நாரைக்குச் சிறகு சரியாயிடுச்சா?" என்றார். அவர் வீட்டில் யாரோ பார்க்கிறார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. எங்களை அனுப்பிவிட்டார். ஆனால் காரியஸ்தர் விடுகிற ஆள் இல்லை.

தை பிறந்தது. பொங்கல் முடிந்த வாரம், ஒரு வியாழக்கிழமை, கடைசிக்கு முந்தின அத்தியாயம். முடிவில் அடுத்த நாள் வரப்போவதைக் கொஞ்சம் காட்டினார்கள். தோழர் வழக்கம்போல எழுந்துபோய்ப் பலகையில் எழுதினார்.

"நாளையுடன் முடிவு. விடியும் முன் பாலத்தில் இறுதிப் போர். குடைக்காரியின் தலைமையில் எல்லாப் பெண்களும் ஒன்று சேருகிறார்கள்."

இதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் இத்தனை வருஷம் பலகை எழுதிய கை. கூட்ட அறிவிப்பு எழுதிப் பழகிய கை. அது தானாகவே கீழே இன்னொரு வரியையும் எழுதிவிட்டது: "அனைவரும் திரண்டு வாரீர்!"

அவர் கூப்பிட்டது டிவி பார்க்க. காரியஸ்தருக்கு அந்த போட்டோ போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வியர்த்துவிட்டது. காரணம் இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை விடியலில்தான், யாருக்கும் தெரியாமல் அறுவடை மெஷினைக் கொண்டுவந்து வயலில் இறக்க அவர் ஏற்பாடு செய்திருந்தார். மெஷின் வரவேண்டிய வழி அந்த வெட்டாற்றுப் பாலம். விஷயம் கசிந்துவிட்டது, பெண்கள் பாலத்தை மறிக்கப் போகிறார்கள் என்று முடிவுகட்டி, போலீஸைப் பாலத்துக்கு அனுப்ப வைத்தார். மெஷினை மட்டும் சுற்றுவழியாக, அக்கரைக் கரைமேலேயே ஓட்டிவரச் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று தோழரையும் விடிவதற்குள் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

வெளியூரிலிருந்து வந்த காரியஸ்தருக்கு இரண்டு விஷயம் தெரியாது. ஒன்று, மார்கழிக் கடைசி மழையில் ஊறிய அந்தக் கரை வெளியே காய்ந்தாற்போல் இருக்கும், உள்ளே களி. மெஷின் ஒரு பக்கமாக அப்படியே இறங்கி உட்கார்ந்துவிட்டது. இரண்டு, சங்கத் தெரு ஆட்கள் வயலுக்குப் பாலம் வழியாகப் போவதே இல்லை. எதிரில் ஆற்றில் இறங்கினால் இடுப்பளவு தண்ணீர், அக்கரை. பாலம் வழியாகச் சுற்றிப்போக யாருக்குப் பொறுமை?

விடியலில் ஆற்றுப் பக்கம் போன அஞ்சலைதான் முதலில் பார்த்தாள். களியில் சாய்ந்து நிற்கும் மெஷின். தூரத்தில் பாலத்தின்மேல் வரிசையாகத் தொப்பிகள். அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. தெருவுக்கு ஓடிவந்தாள்.

"நம்ம பயிர அறுக்க மிஷினு வந்துருச்சுடி. சேத்துல நிக்கிது. அருவாள எடுத்துக்கிட்டு வாங்க. சோத்தப் பொறவு பாத்துக்கலாம்."

தெரு முழுவதும் ஆற்றில் இறங்கியது. பக்கத்துத் தெருக்களும் இறங்கின. டவுனில் சித்தாள் வேலைக்குப் போனவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். காரியஸ்தர் பைக்கில் பாலத்துக்குப் பறந்தார். "அங்க அறுக்கறாங்க சார், வாங்க" என்றார். இன்ஸ்பெக்டர் வயலைப் பார்த்தார். "எனக்கு வந்த உத்தரவு பாலம். பாலத்துக்கு அந்தாண்ட எங்க லிமிட் இல்லீங்க. அந்த ஸ்டேஷன்ல ஒரு மனு குடுங்க" என்றார். அவருக்குச் சட்டத்தில் இருந்த பிடிப்பா, நாரையின் மேல் இருந்த பிரியமா என்று எனக்குத் தெரியாது. மனு எழுதி, அந்த ஸ்டேஷனிலிருந்து ஆள் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அறுத்த கதிரெல்லாம் கட்டாகக் களத்துக்கு வந்துசேர்ந்தது. வக்கீல் ஓடிவந்து, டிரஸ்டுக்குச் சேரவேண்டிய குத்தகை நெல்லை அளந்து கோர்ட் வசம் கட்ட ஏற்பாடு செய்தார். அந்த வருஷச் சோறும் நின்றது, நிலத்தில் காலும் நின்றது.

ஸ்டேஷனில் ரைட்டருக்குப் பெரிய தலைவலி. தோழர்மேல் என்ன குற்றம் எழுதுவது? பொம்மைப் படம் பார்த்ததாகவா? மேலே கேட்டு, கீழே கேட்டு, கடைசியில் இருட்டுகிற நேரத்துக்குப் போகச் சொன்னார்கள். நடுவில் தோழர் ஒரே ஒரு கோரிக்கை வைத்தாராம். அங்கே இருந்த டிவியில் அந்த சேனலைக் கொஞ்சம் போட முடியுமா என்று. கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. போடவில்லை.

அவர் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது ஊரே மாலையோடு நின்றது. வேட்டு வைக்கப் பையன்கள் தயாராக இருந்தார்கள். தோழர் அறுவடை முடிந்த கதையை நின்று கேட்டார். பிறகு, "அந்த மிஷின் ஓட்டற தம்பி சாப்ட்டுச்சா?" என்றார்.

அந்தப் பையனை யாரும் நினைக்கவே இல்லை. ஆத்தூர்ப் பக்கத்துப் பையன், விடியலிலிருந்து அடிவாங்கப் போகிறோம் என்ற பயத்தில் மெஷின்மேலேயே உட்கார்ந்திருந்தான். காரியஸ்தர் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டார். தோழர் அஞ்சலை வீட்டில் ஒரு தூக்குச் சட்டியில் சோறும் குழம்பும் வாங்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஆற்றில் இறங்கிப் போனார். மறுநாள் காலை சங்கத் தெரு ஆட்களே வடம் கட்டி அந்த மெஷினை இழுத்து மேலே ஏற்றிவிட்டார்கள். இதற்கு அஞ்சலை சம்மதித்ததுதான் பெரிய விஷயம். "நம்ம பயிர அறுக்க வந்தத நாமளே தூக்கிவிடணுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் வடத்தை இழுத்தாள்.

அன்றைக்குப் பலகையில் 'வெற்றி' என்று வரும் என எல்லோரும் காத்திருந்தோம். வந்தது இது:

"அறுவடை நடந்தது. கரையில் இறங்கிய இயந்திரம் ஏற்றிவிடப்பட்டது. ஓட்டுநர் சாப்பிட்டார். கடைசி அத்தியாயம் பார்க்கப்படவில்லை. எனவே விமர்சனம் இல்லை."

நிலத்தைப் பற்றி எழுதியதற்கு வக்கீல் திட்டினார். ஆனால் சங்கத்தின் மேல்மட்டக் கமிட்டி புளகாங்கிதம் அடைந்துவிட்டது. சங்கேத மொழியில் எழுதி எதிரியைத் திசைதிருப்பிய தோழருக்குத் துண்டு போர்த்தக் கூட்டம் போட்டார்கள். தோழர் எழுந்து நின்றார். அவர் அவ்வளவு கோபமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

"சங்கேதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் படத்தத்தான் எழுதினேன். படத்துக்குள்ள வேற எதையாச்சும் நான் ஒளிச்சு வச்சிருந்தா அது அந்தப் பொண்ணுக்குச் செஞ்ச துரோகம். துண்ட நீங்களே வச்சுக்குங்க."

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரில் ஒரு வீட்டிலும் டிவி ஓடவில்லை. எல்லோரும் வயலில். கடை மாடியில் என் அறையில் நான் ஒருவன்தான் கடைசி அத்தியாயத்தைப் பார்த்தேன். என்னவோ தோன்றி, அதை ஒரு சிடியில் பதிவும் செய்துவைத்தேன். தோழரிடம் கொண்டுபோய் நீட்டியபோது அவர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு ஒரு நிமிஷம், அவர் சிரிக்கப் போகிறார் என்று தோன்றியது.

"நீங்க பாத்துட்டீங்களா தம்பி?"

"பாத்துட்டேன் தோழர். முடிவு என்னன்னா..."

"சொல்லாதீங்க. உங்ககிட்டயே இருக்கட்டும். கேஸும் முடியட்டும், ரெண்டு முடிவையும் எல்லாரும் சேந்து பாத்துக்கலாம்."

தஞ்சாவூர்க் கோர்ட்டில் கேஸ் முடிவது அவ்வளவு சுலபமா? வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஆட்சி மாறியது, மறுபடி மாறியது. டிஷ் ஆன்டெனா வீட்டுக்கு வீடு வந்து என் கேபிள் படுத்துவிட்டது; நான் அத்தாவின் கடையில் உட்கார்ந்துவிட்டேன். பலகையில் பழையபடி கூலியும் தண்ணீரும் வர ஆரம்பித்தன. வேறு எந்தப் படத்துக்கும் அவர் எழுதவில்லை. ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைத் தொடக் கூடாது என்றார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தஞ்சாவூர் போய் வந்து பஸ்ஸைவிட்டு இறங்கியதும் என் கடைப் பக்கம் திரும்பி, "பத்திரமா இருக்கில்ல?" என்பார். இருக்கு தோழர் என்பேன்.

ஒரு கார்த்திகை அடைமழையில் போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவர்தான். அஞ்சலை கடைசிவரை கூட இருந்து கஞ்சி கொடுத்தாள். சங்கக் கொடி போர்த்தி, அக்கரை வயலைப் பார்த்தாற்போல ஆற்றங்கரையில் எரித்தோம். தீர்ப்பு அதற்கு அடுத்த வருஷம் வந்தது. சங்கத் தெருக் குடும்பங்களைக் குத்தகைக்காரர்களாகப் பதிவுசெய்ய உத்தரவு. வக்கீல் போனில் சொன்னபோது தெருவே அழுதது. நானும் அழுதேன், எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது.

அன்று சாயங்காலம் அஞ்சலை கடைக்கு வந்தாள். தலை நரைத்துவிட்டது. "பாய், அந்த சிடியப் போடுங்க. தோழர் சொன்னபடி எல்லாரும் ஒண்ணாப் பாக்கணும்" என்றாள்.

அதே பெஞ்சில், அதே டிவியில் போட்டேன். அன்று தரையில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். பாலத்தில் போர் நடந்தது. எல்லாப் பெண்களும் வந்தார்கள். கோபுரம் சரிந்தது. ஊராரின் நிழல்கள் எல்லாம் திரும்பி வந்தன. நாரை பறந்துபோனது. படம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அஞ்சலை என் பக்கம் திரும்பி, "எப்படி பாய் இருந்துச்சு?" என்று கேட்டாள்.

நான் அதை இரண்டு தடவை பார்த்துவிட்டேன். நன்றாக இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதை அவர் சொல்ல வேண்டும்.